வயிற்று நோயை நெஞ்சு எக்ஸ்ரேயில் தேடியவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவக் குழுவினருக்கு,

அப்பாவுக்காக நாங்கள் போட்ட இழப்பீட்டு விண்ணப்பத்தின் மேல் நீங்கள் எழுதிய கருத்துரை போன மாதம் பதிவுத் தபாலில் வந்தது. ஒன்றரைப் பக்கம். என் அப்பாவின் சாவுக்கும் அவர் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஆஸ்பெஸ்டோஸிஸுக்கான, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கான அடையாளம் இல்லை. இறந்தவருக்குப் பல வருடம் பீடிப் பழக்கம் இருந்தது. வேலை பார்த்ததற்கு ஆவணம் இல்லை. கீழே மூன்று கையெழுத்துகள்.

அப்பாவுக்கு நெஞ்சில் நோய் இருந்ததாக நாங்கள் எங்குமே சொல்லவில்லை. பயாப்ஸி அறிக்கையைப் பார்த்து எழுத்து எழுத்தாக விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்: வயிற்றின் உள்ளுறையில், பெரிட்டோனியம் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் வந்த மீசோதிலியோமா என்ற புற்று. அந்தச் சொல் உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. வயிற்றில் வந்ததை நெஞ்சுப் படத்தில் தேடிவிட்டு, காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு வந்தது என்னவென்று புரிந்துகொள்ள இத்தனை நாளும் படித்ததை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தவறு இருந்தால் எழுத்தில் மறுக்கலாம். ஆனால் இந்த முறை அந்த நோயின் பெயரைச் சொல்லி மறுங்கள்.

அப்பா 1984இல், இருபத்திரண்டு வயதில் அந்த ஆலைக்குப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, துணி, பாய்லர் கதவு இடுக்கில் வைக்கிற பாக்கிங் எல்லாம் அங்கே தயாரானது. காண்ட்ராக்ட் ஆள்தான். 1999இல் ஆலை மூடுகிறவரை பதினைந்து வருடமும் நாரைச் சீவும் கார்டிங் பிரிவில். மூட்டையை அறுத்துக் கொட்டுவது, கட்டியை உதிர்ப்பது, எந்திரத்துக்கு ஊட்டுவது. நூல் மில் மாதிரியேதான், பருத்திக்குப் பதிலாகக் கல். கல்நார் என்று தமிழில் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அப்பா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது வெறும் பஞ்சு. மூக்குக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்வார்களாம். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்களாம். வெல்லம் தின்றால் தொண்டையில் நிற்கிற தூசி வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று.

வீட்டுக்கு வரும்போது மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி இருப்பார். நானும் தம்பியும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வோம். அம்மா அந்தச் சட்டையை வாசலில் நாலு உதறு உதறிவிட்டுக் கல்லில் அடித்துத் துவைப்பார். துண்டு விழுந்த கயிற்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். சூடு தாங்கும் அல்லவா? அம்மா அதில் பிரிமணை பின்னினார். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி எல்லாம் இருபது வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்தன. ஓரம் பிசிறு பிசிறாக வரும், அம்மா கையால் பிய்த்துப் போடுவார். அந்தப் பிரிமணையின் படத்தை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். விசாரணை நாளில் உங்களில் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பெயர் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

2021 நவம்பரில் அப்பாவுக்கு வேட்டி இறுகியது. வயிறு உப்பிக்கொண்டே போனது, கை கால் மெலிந்தது. முதலில் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, குடிப்பீர்களா? அப்பா வாழ்நாளில் தொட்டதில்லை. நம்பவில்லை. என் கல்யாணத்தில்கூட யாரும் குடித்துவிட்டுப் பந்திக்கு வரக்கூடாது என்று சண்டை போட்ட மனிதர், மூன்று வாரம் குடிகாரன் என்ற பார்வையைச் சுமந்துகொண்டு வார்டில் படுத்திருந்தார். கல்லீரலால் நீர் கோக்கிறதா, வேறு காரணமா என்று பிரித்துச் சொல்ல எளிய வழி இருப்பதைப் பிறகுதான் படித்தேன். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவிலிருந்து வயிற்று நீரில் உள்ள அல்புமின் அளவைக் கழிக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 1.1 கிராமுக்கு மேல் வந்தால் பெரும்பாலும் கல்லீரல் பக்கம், குறைவாக வந்தால் உள்ளுறையில் சந்தேகம். ஒரு கழித்தல் கணக்கு. மூன்று வாரம் கழித்துத்தான் போட்டார்கள்.

அப்புறம் டி.பி. என்றார்கள். இதில் நான் யாரையும் குறை சொல்லத் தயாராக இல்லை. நம் நாட்டில் வயிற்றில் நீர், காய்ச்சல், எடை குறைவு என்றால் முதலில் டி.பி. நினைவுக்கு வருவது இயல்பு. நீரில் புற்று அணுக்கள் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த நோயில் நீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் பல நேரம் தெரியாது என்பதும் உண்மைதானே. ஐந்து மாதம் டி.பி. மாத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டு நீரை இறக்குவார்கள். நாலு லிட்டர், ஐந்து லிட்டர். இறக்கிய அன்று இரண்டு இட்லி சாப்பிடுவார். மறுவாரம் மறுபடி பழைய வயிறு.

அந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ பேர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. எந்தக் கூலி?

2022 ஜூனில் வேறு மருத்துவமனையில் தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். உள்ளுறை முழுக்க ஜவ்வரிசியைத் தூவினதுபோல முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்றார் அந்த இளம் மருத்துவர். சதை எடுத்துச் சாயப் பரிசோதனை செய்தார்கள். மீசோதிலியோமாவில் தெரிகிற கால்ரெடினின் உண்டு, டபிள்யூ.டி.1 உண்டு, குடல் புற்றில் தெரிய வேண்டியவை இல்லை. எபிதீலியாய்டு வகை மீசோதிலியோமா. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் முதன்முதலாகக் கேட்டார், "அப்பா எங்கேயாவது ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பார்த்தாரா?" அம்மா, "அது என்னங்க அது, கூரை போடுற ஷீட்டா?" என்றார். அப்பாதான் கட்டிலில் இருந்து மெல்ல, "பஞ்சு" என்றார்.

உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன். ஆஸ்பெஸ்டோஸிஸ் என்பது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். மீசோதிலியோமா என்பது உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்று. நுரையீரலின் உறையில் வரலாம், வயிற்றின் உறையில் வரலாம். இரண்டும் ஒரே தூசியால் வருகிறவை, ஆனால் ஒன்று வந்தால்தான் மற்றது வரும் என்று கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் நோய்களை எப்படித் தீர்மானிப்பது என்று நிபுணர்கள் கூடி 1997இல் ஹெல்சின்கியில் வகுத்த நெறிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. மீசோதிலியோமா என்று உறுதியானால், முதல் தொடர்புக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் கடந்திருந்தால், குறுகிய கால வேலை வரலாறுகூடப் போதும் என்கின்றன அவை. அப்பாவுக்குக் குறுகிய காலம் அல்ல, பதினைந்து வருடம். முதல் தொடர்புக்கும் நோய்க்கும் நடுவே 37 வருடம். இந்த நோய் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 20 முதல் 50 வருடத்துக்குள் நடுவில் உட்காருகிறது.

நார் வயிற்றுக்குள் எப்படிப் போகும் என்று விசாரணையில் கேட்டீர்கள். மூச்சோடு போனது நிணநீர் வழியாகக் கீழே வரலாம், சளியோடு விழுங்கியது குடல் சுவரைத் தாண்டலாம் என்கிறார்கள்; எந்த வழி எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. வழி தீராத விவாதமாக இருந்தாலும் வந்து சேர்ந்ததில் விவாதம் இல்லை. அமெரிக்கா, கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் காப்புறை சுற்றும் வேலை செய்த 17,800 பேரை 1967 முதல் செலிகாஃப் என்ற மருத்துவரின் குழு பின்தொடர்ந்தது. அவர்களில் மீசோதிலியோமாவால் இறந்தவர்களில் நுரையீரல் உறையில் வந்தவர்களைவிட வயிற்று உறையில் வந்தவர்களே அதிகம். தூசியில் அதிகம் புழங்கியவர்களுக்கு வயிறும் தப்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சட்டமும் இதைப் பிரித்துத்தான் வைத்திருந்தது. நாங்கள் விண்ணப்பித்தபோது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ஆஸ்பெஸ்டோஸிஸ் ஒரு பகுதியில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதிலியோமாவும் வேறொரு பகுதியில் தனியாக இருந்தன. நெஞ்சில் வரும் மீசோதிலியோமா மட்டும் என்று அங்கே எழுதவில்லை. நீங்கள் ஒரு வரியைப் படித்துவிட்டு இன்னொரு வரிக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது பீடி. அப்பா பீடி குடித்தார், மறைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அவருக்கு நுரையீரல் புற்று வந்திருந்தால் நீங்கள் அதைக் கேட்டிருக்கலாம். அங்கே புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்து ஆபத்தைப் பெருக்கும். மீசோதிலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை என்று அதே ஹெல்சின்கி நெறிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. பீடி பற்றிய உங்கள் வரி எங்களை எவ்வளவு சுட்டது என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் குடிகாரன் என்றார்கள், கடைசியில் பீடிக்காரன் என்றீர்கள். நடுவில் பதினைந்து வருடம் உழைத்த ஆளைக் காணோம்.

ஆவணம் இல்லை என்ற காரணம்தான் எனக்கு ஆறவே இல்லை. ஆவணம் வைத்திருக்க வேண்டியது அப்பாவா? ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1984இல் சேர்ந்தவருக்கு 2024 வரை. நாங்கள் விண்ணப்பித்தது 2022 செப்டம்பரில். அந்தத் தேதியில் அந்தப் பதிவேடு எங்காவது ஓர் அலமாரியில் இருந்திருக்க வேண்டும். ஆலை இருந்த இடத்தில் இப்போது திருமண மண்டபம் இருக்கிறது. காண்ட்ராக்டர் உயிரோடு இல்லை. வைக்காமல் விட்டவர்களுடைய குற்றத்தை இறந்தவர் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். அவரோடு கார்டிங்கில் நின்ற நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் இணைப்பில் இருந்தது. அது ஏன் ஆவணம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உங்கள் பக்கம் வைத்திருக்கக்கூடிய நல்ல வாதம் ஒன்று இருந்தது. நீங்கள் வைக்கவில்லை, நானே வைக்கிறேன். வயிற்று மீசோதிலியோமா எல்லாமே ஆஸ்பெஸ்டாஸால் வருவதில்லை. நுரையீரல் உறையோடு ஒப்பிட்டால் இங்கே அந்தத் தொடர்பு தளர்வுதான். வயிற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு வரலாம், பி.ஏ.பி.1 என்ற மரபணுக் குறையோடு பிறந்த குடும்பங்களில் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். சரி. அப்பா கதிர்வீச்சு எடுத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் இந்த வகைப் புற்று யாருக்கும் வந்ததில்லை. பதினைந்து வருடம் கல்நார் உதிர்த்த ஒருவருக்கு இது வந்தால் எதை முதலில் நினைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எடுத்து அலசி, பிறகு மறுத்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

நோய் தெரிந்தபின் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குச் சிகிச்சையே இல்லை என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. அப்படியில்லை. வயிற்றில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் உரித்து எடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி சூட்டில் கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஓடவிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அலசுகிறார்கள். ஹைபெக் என்கிறார்கள். பல மையங்களில் இப்படிச் சிகிச்சை பெற்ற 405 பேரைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில் 47 சதவீதம் பேர் ஐந்து வருடம் கடந்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை தாங்குவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் அவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடிகிற நோய் இது.

அப்பாவையும் அறுவைச் சிகிச்சைக்குப் பரிசீலித்தார்கள். வயிற்றைப் பதின்மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 39. எங்கள் வீட்டில் குறைந்த மதிப்பெண் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பரீட்சை அதுதான். அப்பாவுக்கு 34. சிறுகுடல் முழுக்கப் பரவிவிட்டது, உரித்து எடுக்க முடியாது என்றார்கள். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டையும் சேர்த்து 21 நாளுக்கு ஒரு முறை. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, பி12 ஊசி. நாலு சுற்று ஓடியது. நீர் கோப்பது நின்று, இரண்டு மாதம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். 2023 ஜனவரியில் பொங்கலுக்கு மறுநாள் போய்விட்டார். தம்பி வாங்கிய கடன் இன்னும் பாதி இருக்கிறது. அம்மாவின் தாலியில் இப்போது மஞ்சள் கிழங்குகூட இல்லை என்பதால் அடகு வைக்க எதுவும் மிச்சமில்லை.

நான் கேட்பது இவை.

கோப்பை மறுபடி திறங்கள். பயாப்ஸி அறிக்கையையும் வேலை வரலாற்றையும் முன்னால் வைத்து, மீசோதிலியோமா என்ற பெயரைச் சொல்லி, ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். அறிக்கையில் சந்தேகம் இருந்தால் மெழுகுக் கட்டியில் வைத்த சதை மருத்துவமனையில் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு நம்பிக்கையான நோயியல் நிபுணருக்கு அனுப்புங்கள். அவர் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன். இது வெறும் காகித விஷயம் இல்லை. வேலையை விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்தால் அது தெரிந்த நாளைக் கணக்கில் எடுக்கலாம் என்றது அந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். வழக்கமாக இருபது வருடம் ஆகாமல் தலைகாட்டாத நோய்க்கு இரண்டு வருடக் கணக்கு. அதைத் தாண்டி வருகிறவர்களுக்கு, போதிய காரணம் இருந்தால் இழப்பீட்டு ஆணையர் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வழிதான் அதில் இருந்தது. அந்தப் போதிய காரணம் உங்கள் கருத்துரையில்தான் தொடங்க வேண்டும். இந்த இரண்டு வருடக் கணக்கு இந்த நோய்க்குப் பொருந்தாது என்று அரசுக்கு நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் மனு. நீங்கள் எழுதினால் பரிந்துரை.

பீடி பற்றிய வரியை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். பணம் வராவிட்டாலும் இதை விட மாட்டேன்.

வயிற்று மீசோதிலியோமாவுக்கு இனி யாரிடமும் நெஞ்சு எக்ஸ்ரேயை நிபந்தனையாகக் கேட்காதீர்கள். முதலாளி தொலைத்த பதிவேட்டுக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் தொழில்நோய் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவோடு அந்த ஆலையில் இருந்தவர்களில் இருபத்தாறு பேர் இருக்கும் இடத்தை இதுவரை கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவருக்கு இப்போது வயிறு உப்பத் தொடங்கியிருக்கிறது, டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் குழுவிலிருந்து ஒரு கடிதம் போகட்டும், இந்த வாரமே. மற்றவர்களுக்கும் அவர்கள் சட்டையைத் துவைத்த மனைவிகளுக்கும் ஒரு பரிசோதனை முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கள். நோட்டின் நகலை எப்போது வேண்டுமானாலும் தருகிறேன். அதில் கடைசிப் பெயர் என் அம்மா.

கடைசியாக ஒன்று. அந்தப் பிரிமணையை நான் தூக்கி எறியவில்லை. குப்பையில் போட்டால் குப்பை பொறுக்குகிறவர் கைக்குப் போகும், எரித்தால் எரியாது. ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, டேப் ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். மூன்று அலுவலகங்களில் கேட்டுவிட்டேன், யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவரின் மகள்